முட்டை படாத குக்கர்

அக்டோபர் 12, 2003, ஞாயிறு

இந்த டைரியை இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஜனவரியில் கொடுத்துவிட்டுப் போனார். இத்தனை மாதம் அலமாரியில் சும்மா கிடந்தது. எனக்கு எழுதுகிற பழக்கம் கிடையாது, பேசுகிற பழக்கம்தான். சாயங்காலம் காபித் தம்ளரோடு கேட்டுக்குப் போனால், எதிர் வீட்டுப் பிரமுவும் அவள் கேட்டுக்கு வந்துவிடுவாள். எங்கள் தெரு ஒரு மாட்டு வண்டி போகிற அகலம்தான். அவள் அங்கே நின்றும் நான் இங்கே நின்றும், என் மகள் ஹெப்சி கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து, பாளையங்கோட்டையில் நடக்கிற சகலத்தையும் பேசித் தீர்த்திருக்கிறோம்.

ஆடி மாதம் அவள் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் அண்ணாச்சி நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு வாய்க்கு வந்ததையெல்லாம் அவளிடம் கொட்டக் கூச்சமாக இருக்கிறது. புருஷனைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவளிடம் தேங்காய் விலையைப் பேச முடியுமா? பேசாமலும் இருக்க முடியவில்லை. ஆகவே டைரி.

கோவிலுக்குப் போய் ஆராதனை முடிந்து வந்ததும் கிறிஸ்மஸ் கேக்குக்குப் பழம் ஊறப் போட்டேன். காய்ந்த திராட்சை, பேரீச்சை, செர்ரி, பொடியாக நறுக்கிய ஆரஞ்சுத் தோல். பெரிய பீங்கான் பரணிக்கு வீட்டில் போட்ட ஒயின். சின்னப் பரணிக்குச் சீனிப்பாகு. சின்னப் பரணி பிரமுவுக்கு. அவர்கள் சைவப் பிள்ளைமார், ஒயினும் ஆகாது, முட்டையும் ஆகாது. அவளுக்கென்று தனிப் பழம், தனிக் கிண்ணம், தனிக் குக்கர். அந்தக் குக்கரில் இன்றுவரை முட்டை பட்டதில்லை. “இந்தத் தெருவுலயே ஞானஸ்நானம் வாங்காத குக்கர் இது ஒண்ணுதான்” என்பார் இவர், என் வீட்டுக்காரர்.

பிரமுவின் மகன் சுந்தர் புனேயில் வேலை பார்க்கிறான். வீட்டை விற்றுவிட்டு வந்துவிடு என்று அம்மாவை நச்சரிக்கிறானாம். “கிறிஸ்மஸ் பொங்கல்லாம் போகட்டும்டா, பொறவு பாக்கேன்னு சொல்லிருக்கேன்” என்றாள். அவள் போய்விட்டால் எனக்கு இந்தத் தெருவில் தெருவிளக்குதான் மிச்சம். போக மாட்டாள். பார்க்கலாம்.

அக்டோபர் 24, தீபாவளி

விடிய விடிய வெடி. எதிர் வீட்டில் மட்டும் சத்தமில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் நாங்கள் பல் தேய்க்குமுன் பிரமுவின் தட்டு வந்துவிடும். அதிரசம், முந்திரிக்கொத்து, தேன்குழல். இந்த வருஷம் அவர்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். சரி, நாம்தான் கொண்டு போக வேண்டும் என்று நேற்றே அவளுடைய குக்கரில் ஒரு வெண்ணெய்க் கேக் செய்து வைத்திருந்தேன்.

காலையில் எஸ்தரக்கா போன் செய்தாள். இவருடைய அண்ணன் மனைவி. பேச்சுவாக்கில் கேக்கைப் பற்றிச் சொன்னேன்.

“துக்க வீட்டுக்கு இனிப்பா? ஒனக்குக் கிறுக்கா? அவங்கள்ல வருசம் திரும்புத வரைக்கும் இனிப்பக் கையால தொட மாட்டாக. கொண்டுட்டுப் போயி அவ மனசப் புண்ணாக்கிராத.”

எஸ்தரக்காவுக்கு எல்லாச் சாதி வழக்கமும் தெரியும். வாயை மூடுகிற வழக்கம் ஒன்றுதான் தெரியாது. ஆனாலும் இப்படிப்பட்ட விஷயத்தில் ஒருத்தி சொன்னால் கேட்டுக்கொள்வது நல்லதுதானே. பிரமுவிடமே கேட்டிருக்கலாம். அதை எப்படிப் போய்க் கேட்பது?

கேக்கை நாங்களே தின்றோம். நன்றாக உப்பி வந்திருந்தது. ஹெப்சி ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

ஹெப்சிக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. நாசரேத்துக்காரர்கள், பையன் சென்னையில் இன்ஜினியர். எஸ்தரக்கா மூலமாகத்தான். இருபத்தேழு வயதாகிறது என் பிள்ளைக்கு. வந்த மூன்று இடமும் ஜாதகம் பார்க்காமலே தட்டிப் போனது. இதுவாவது அமைய வேண்டும் ஆண்டவரே. சனிக்கிழமை, 22ஆம் தேதி வருகிறார்கள்.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு எஸ்தரக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “வாரவுக நல்ல இடம். வண்டிய விட்டு எறங்கும்போது எதுத்தாப்ல யாரு நிக்கான்னு பாத்துக்கோ. நான் சொல்லணும்னு இல்ல.”

எனக்குச் சுருக்கென்று வந்தது. “நாம வேதக்காரங்க. நமக்கு என்னக்கா சகுனம்?” என்று கேட்டுப் போனை வைத்துவிட்டேன். நன்றாகக் கேட்டேன். பல்லி கத்தினால் செருப்பைக் கழற்றி உட்காருகிறவர்களை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்.

நவம்பர் 11

மாப்பிள்ளை வீட்டாருக்குப் போன் போட்டு, சனிக்கிழமை வேண்டாம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாருங்கள் என்றேன். இவருக்குச் சனிக்கிழமை வேலை இருக்கிறது என்றேன்.

இவர் பேப்பரை மடித்துவிட்டு என்னைப் பார்த்தார். “எனக்கு என்னளா வேல? ரிட்டயர் ஆயி ரெண்டு வருசமாச்சி.”

ஆண்களுக்கு ஒன்றும் புரியாது. வெள்ளிக்கிழமை என்றால் வீடு கழுவித் துடைத்துச் சுத்தமாக இருக்கும்.

நவம்பர் 21, வெள்ளி

பிரதோஷம். பிரமு நாலு மணிக்கே சிவன் கோவிலுக்குக் கிளம்பிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் நாலரைக்கு வந்தார்கள்.

முந்தாநாளே அச்சுமுறுக்கு சுட்டிருந்தேன். நேற்று நெய் பிஸ்கட். இன்று மதியம் வாழைப்பழக் கேக். என்னுடைய வட்ட ஓவனில் கண்ணாடி வழியாகக் கேக் எழும்புவதைப் பார்ப்பது இன்றைக்கும் எனக்கு அலுக்கவில்லை. நடுவில் லேசாக வெடித்து, வாழைப்பழ வாசம் வாசல் வரைக்கும் வந்தது. பையனின் அம்மா ஒரு பிஸ்கட்டை உடைத்துப் பார்த்துவிட்டு, “எந்தக் கடைல வாங்குனீங்க?” என்றார். ஹெப்சி கையை விரித்து அதிலிருந்த சூட்டுத் தழும்பைக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். பையன் ஜெபராஜ் கேக்கை மூன்று தடவை எடுத்தான். பேச்சு குறைவு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆறு மணிக்குப் போய்விட்டார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பிரமு வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு சுண்டலை என் உள்ளங்கையில் வைத்தாள்.

“ஏட்டி, வாசல்ல கார்த் தடம் கெடக்கு. யாரு வந்தா?”

“இவுக வழிச் சொந்தக்காரங்க. நாசரேத்துலேருந்து.”

“எப்சிக்குத்தான் யாரும் பாக்க வந்தாகளோன்னு நெனச்சேன்.”

“சே, அதெல்லாம் இல்ல.”

முடிவாகாத விஷயத்தை முன்கூட்டியே வெளியே சொல்வது நல்லதில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான். சுண்டலில் உப்பு கொஞ்சம் கூட.

நவம்பர் 30, ஞாயிறு

வாசலில் நட்சத்திரம் கட்டியாயிற்று. இவர் ஏணியில் ஏறி நின்று என்னைத் திட்டினார், நான் கீழே நின்று அவரைத் திட்டினேன். வருஷா வருஷம் இதற்கும் ஒரு முறை உண்டு.

சுந்தர் இரண்டு நாள் லீவில் வந்திருக்கிறான். கேட்டில் என்னைப் பார்த்ததும், “அத்தை, நீங்களாவது அம்மைக்கிட்ட சொல்லுங்க. தனியா இருந்து என்ன செய்யப் போறா?” என்றான்.

பிரமு பின்னாலேயே வந்தாள். “இவா எதுத்தாப்ல இருக்கும்போது நான் எங்கடா தனி? நம்ம சொந்தக்காரிய எல்லாம் தள்ளி நிக்காளுவ. கல்யாணத்துக்குப் பத்திரிகைய எம்பேருக்கு வைக்காம ஒம்பேருக்கு வைக்கா ஒருத்தி. இவா வீட்ல நான் அடுப்படி வரைக்கும் போவேன். தெரியும்லா?”

நான் சிரித்தேன். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆடிக்குப் பிறகு அவள் எங்கள் அடுப்படிக்கு வரவில்லை. நான் வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை என்பது இதை எழுதும்போதுதான் தெரிகிறது.

டிசம்பர் 6, சனி

சீனி கருக்குகிற நாள். கடையில் வாங்குகிற கேக்குக்கு நிறம் பாட்டிலில் இருந்து வரும். வீட்டுக் கேக்குக்கு நிறம் கருக்கிய சீனியிலிருந்து வர வேண்டும். இரும்புச் சட்டியில் சீனியைப் போட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தால் முதலில் இளகும், பிறகு தேன் நிறம், பிறகு காபி நிறம். அதற்கு மேல் ஒரு நொடி தாமதித்தால் கசப்பு. அந்த நொடி எனக்குத் தெரியாது. பிரமுவுக்குத் தெரியும். நான் கிண்டுவேன், அவள் வெந்நீர்ச் செம்போடு பக்கத்தில் நிற்பாள். “இப்போ” என்பாள். ஊற்றுவாள். சட்டி சீறும். எந்த வருஷமும் தப்பியதில்லை.

இன்று நானே கிண்டி நானே ஊற்ற வேண்டியிருந்தது. செம்பை எட்டி எடுப்பதற்குள் புகைந்துவிட்டது. தெருவிலிருந்து குரல் வந்தது.

“ரூபா! சீனி கருகுதுட்டி!”

அடுப்படி சன்னல் வழியாகப் பார்த்தேன். பிரமு அவள் கேட்டைத் தாண்டி, தெருவின் பாதி வரைக்கும் வந்து நின்றாள். கையில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு, ஓடி வரத் தயாராக.

“பாத்துட்டேன், பாத்துட்டேன்” என்று சொல்லிவிட்டுச் சன்னலைச் சாத்தினேன்.

புகை வெளியே போக வேண்டுமென்றால் சன்னலைத் திறக்க அல்லவா வேண்டும்? ஏன் சாத்தினேன் என்று தெரியவில்லை. கை அப்படிச் செய்துவிட்டது. எஸ்தரக்கா உள்ளே உட்கார்ந்து கல்கல் பலகாரத்துக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தாள், அவள் ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று இருந்திருக்கும்.

அந்தச் சீனியைக் கொட்டிவிட்டு இரண்டாவது தடவை கருக்கினேன். அதுவும் லேசாகக் கசக்கத்தான் செய்கிறது.

டிசம்பர் 13

கேக் போட்டாயிற்று. ஓவன் காலையிலிருந்து அணையவில்லை. ஒன்று இறக்க ஒன்று ஏற்ற என்று மதியச் சோறே மூன்று மணிக்குத்தான். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் வாசத்தில் இவருக்குத் தும்மல்.

பரணிலிருந்து பிரமுவின் குக்கரை எடுத்தேன். அதில் பரப்ப ஆற்று மணலைச் சலித்தேன். பிறகு எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வைத்துவிட்டேன். இந்த வருஷம் அவளுக்குக் கிடையாது. அவர்கள் வழக்கத்தை நாம் மதிக்க வேண்டும்.

டிசம்பர் 19

நாசரேத்திலிருந்து போன். சம்மதமாம். ஜனவரி 18 நிச்சயம். ஸ்தோத்திரம்.

டிசம்பர் 25, கிறிஸ்மஸ்

விடியற்காலை ஆராதனை முடிந்து வந்து, தட்டு தட்டாகக் கேக்கும் அச்சுமுறுக்கும் கல்கல்லும் அடுக்கினோம். வருஷா வருஷம் முதல் தட்டு எதிர் வீட்டுக்கு. இந்த வருஷம் மூலை வீட்டு டாக்டரிலிருந்து ஆரம்பித்தோம்.

ஹெப்சி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “பிரமு அத்தைக்கு?” என்றாள்.

“அவங்கள்ல வாங்க மாட்டாங்க.”

“யாரு சொன்னா?”

“சொன்னாங்க.”

“அத்தை சொன்னாங்களாம்மா?”

வளர்த்த பிள்ளை கோர்ட்டில் கேட்கிற மாதிரிக் கேள்வி கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது. நாளும் கிழமையுமாக அவளைச் சத்தம் போட்டேன். அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

நாள் முழுக்க ஆட்கள் வந்தார்கள், போனார்கள். கேக்கை எல்லோரும் புகழ்ந்தார்கள். அந்தக் கசப்பு யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

பிரமு வீட்டு வாசல் கதவு காலையிலிருந்து திறந்தே கிடந்தது. உள்ளே நாற்காலியில் அவள் சேலைத் தலைப்பு தெரிந்தது. காற்றுக்காகத் திறந்து வைத்திருப்பாள். மார்கழி மாதம்தான். இருந்தாலும்.

டிசம்பர் 26

கதவு சாத்தியிருக்கிறது.

டிசம்பர் 28, ஞாயிறு

ஹெப்சி என்னிடம் கேட்காமல் எதிர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். வந்து அடுப்படி வாசலில் நின்றுகொண்டு சொன்னாள்.

“எம்மா, அத்தை வீட்ல தீபாவளிக்கு வந்த முந்திரிக்கொத்தும் முறுக்கும் இன்னும் டப்பா டப்பாவா இருக்கு. அவங்க மைனி கொண்டு வந்தது, தங்கச்சி கொண்டு வந்தது. துக்க வீட்ல சட்டி வைக்கக் கூடாதாம், அதனால மத்தவங்கதான் கொண்டு வந்து குடுக்கணுமாம். நான் கேட்டேன். அத்தையே சொன்னாங்க.”

நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்ததையே மறுபடியும் தேய்த்தேன்.

“எனக்குப் பொண்ணு பாக்க வந்தது, நிச்சயம் வச்சிருக்கது, எல்லாம் அவங்களுக்குத் தெரியும்மா. பூக்காரி சொல்லிருக்கா. நல்லாருப்பன்னு என் தலையில கைய வச்சாங்க. எனக்கு அழுகையா வந்துச்சி.”

எஸ்தரக்காவைத் திட்டலாம் என்று போன் வரைக்கும் போனேன். திட்டி என்ன? அவள் எத்தனையோ சொல்லியிருக்கிறாள், எதை நான் கேட்டிருக்கிறேன்? இதை மட்டும் கேட்டேன்.

டிசம்பர் 31

நாளைக்குப் போகலாம்.

ஜனவரி 3, சனி

புது வருஷத்து டைரியை ஏஜென்ட் இன்னும் கொண்டு வரவில்லை. பழையதிலேயே எழுதுகிறேன். காலிப் பக்கம் நிறையக் கிடக்கிறது.

இன்று பிரமுவின் கேக்கைச் செய்தேன். சின்னப் பரணியைத் திறந்தால் பழமெல்லாம் பாகைக் குடித்து, கண்ணாடி மாதிரிப் பளபளவென்று இருந்தது. சீனியைக் கருக்கும்போது இவரைச் செம்போடு நிற்க வைத்தேன். காபி நிறம் வருமுன்பே ஊற்றச் சொல்லிவிட்டேன், நிறம் போனாலும் கசக்க வேண்டாம் என்று. வெண்ணெயையும் பொடித்த சீனியையும் கை வலிக்கத் தேய்த்து, புளிக்காத தயிர் விட்டு, மைதாவோடு சோடா உப்பைச் சலித்துச் சேர்த்தேன். குக்கரில் மணலைப் பரப்பி, வெயிட்டையும் ரப்பரையும் எடுத்துவிட்டு மூடிச் சூடாக்கி, கிண்ணத்தை இறக்கிச் சிறு தீயில் விட்டேன். அந்த நேரமெல்லாம் அடுப்படியை விட்டு நகரவில்லை. துடைப்பக் குச்சியைச் செருகிப் பார்த்தேன், ஒட்டாமல் வந்தது. ஆறும் வரை பொறுக்க முடியவில்லை. சூட்டோடு எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

பிரமு கதவைத் திறந்தாள். “வா” என்றாள். பிறகு, “கிறிஸ்மஸ் கேக்கு பொங்கலுக்கா வருது?” என்றாள்.

கூடத்தில் அட்டைப்பெட்டிகள். அண்ணாச்சியின் புத்தகங்கள் கட்டுக் கட்டாக. நான் பெட்டிகளைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். கேக்கில் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

“நல்லாருக்கு. சீனிய மட்டும் கொஞ்சம் முந்தி எறக்கிட்ட.”

“துக்க வீட்டுக்கு இனிப்பு ஆகாதுன்னு எஸ்தரக்கா சொன்னா பிரமு. நான் நம்பிட்டேன்.”

“எஸ்தரக்கா பேச்ச நீ என்னைக்கிட்டி நம்பிருக்க?”

நான் கேக் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

“கேக்கு வராதது ஒண்ணும் பெருசு இல்ல. எப்சியப் பொண்ணு பாக்க வந்தத மறச்சியே, அதுதான் எனக்கு ஆறல. நான் பிரதோசத்துக்குப் போற நேரமாப் பாத்து வரச் சொல்லிருக்க. நீ ஆஸ்பத்திரில கெடந்தப்ப அந்தப் பிள்ளைய இடுப்புலேருந்து எறக்காம வச்சிருந்தேன் நான். அது நல்லாருக்கக் கூடாதுன்னா நெனப்பேன்?”

“ஐயோ, நான் அப்படி நெனைக்கலட்டி.”

“நெனைக்கலதான். ஆனா செஞ்சிட்டல்லா.”

அழுதேன். அவள் அழவில்லை. அவள் முன்பே அழுது முடித்திருந்தாள். பெட்டிகளைக் காட்டி, “இதெல்லாம் என்னது?” என்று கேட்டேன்.

“சுந்தர்ட்ட வாரேன்னு சொல்லிட்டேன். கிறிஸ்மஸ் அன்னைக்கு. காலைல கதவத் தொறந்து வச்சிட்டு உக்காந்திருந்தேன். பொழுது சாயவும் சாத்துனேன். சாத்திட்டு, போன எடுத்து அவன்ட்ட சொன்னேன்.”

போகாதே என்றேன். காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். டிக்கெட் எடுத்தாயிற்று, மாசக் கடைசியில் பயணம், வீட்டுக்கும் ஆள் பார்த்தாயிற்று என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ரயில் நேரம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

கடைசியில் நிச்சயத்துக்காவது வா என்றேன். “வந்து சும்மா இருக்கக் கூடாது. முன்னால நிக்கணும். எப்சி பக்கத்துல நீ நிக்கணும். யாரு என்ன சொல்லுதான்னு நான் பாத்துக்கிடுதேன்.”

அவள் மிச்சக் கேக்கை ஒரு தட்டால் மூடி வைத்தாள். “சரி, வாரேன் போ” என்றாள்.

ஜனவரி 11, ஞாயிறு

எதிர் வீட்டைப் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. அந்தப் பெண் அடுப்படி சின்னது என்று குறை சொன்னது எங்கள் கேட் வரைக்கும் கேட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

எஸ்தரக்காவிடம் சொல்லிவிட்டேன், நிச்சயத்தில் பிரமு முன்னால் நிற்பாள் என்று. “ஒம்பிள்ள, ஒம்பாடு” என்றாள். அந்தச் சொல் இரண்டு நாளாகக் காதுக்குள் கிடக்கிறது. தூங்கப் போகுமுன் ஒரு அதிகாரம் கூடுதலாக வாசித்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. எழுத வேண்டியது அதுவல்ல.

காலையில் கார் வந்து நின்றது. எல்லோரும் ஏறுவதற்கு முன்னால் நான் தெருவைக் கடந்து பிரமுவைக் கூப்பிடப் போனேன். கதவு பூட்டியிருந்தது. வெளிப்பூட்டு. முன்னாடியே ஹாலுக்குப் போயிருப்பாள் என்றாள் ஹெப்சி. ஹாலில் இல்லை. சபை ஐயர் ஜெபம் பண்ணும்போதெல்லாம் ஒரு கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோதிரம் மாற்றினார்கள். நான் போட்ட கேக்கை வெட்டினார்கள். அவள் வரவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பூட்டைப் பார்த்தபோது முதலில் எனக்கு வந்தது வருத்தம் இல்லை. அது இரண்டாவதாகத்தான் வந்தது.

மதியம் திரும்பி வந்தால் அவள் வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. பட்டுச் சேலையோடு அப்படியே போனேன். பிரமு தரையில் உட்கார்ந்து பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, வாரேன்னு சொன்னியே?”

“காலைல இருட்டோட கெளம்பிக் கோயிலுக்குப் போயிட்டேன். நீங்க கார்ல ஏறும்போது நான் தெருவுல நிக்க வேண்டாம்னுதான்.”

“நாந்தான வரச் சொன்னேன்? முன்னால நிக்கணும்னு சொன்னேன்லா?”

“சொன்ன. மனசாரத்தான் சொன்ன.” கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். “நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு கொறைன்னு வையி. ஒரு கரு தங்கலன்னு வையி. நீ மொதல்ல எத நெனப்ப? நான் வந்து முன்னால நின்னதத்தான நெனப்ப? இல்லன்னு சொல்லு ரூபா. நான் நம்புதேன்.”

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எனக்குப் பொய் சொல்லத் தெரியாதா? மூன்று மாதமாக இந்த டைரிக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த ஒரு சொல் வரவில்லை.

பிரமு காத்திருந்தாள். பிறகு பேப்பர்க் கட்டை ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் தரையைக் கையால் தட்டினாள்.

“சரி, உக்காரு. எப்சி என்ன கலர் சேல கெட்டிருந்தா? மாப்ள சிரிச்சாரா? ஒண்ணு விடாமச் சொல்லு.”

பட்டு கசங்குமே என்று பார்க்காமல் உட்கார்ந்தேன். அரக்கு நிறம் என்று ஆரம்பித்து, ஒவ்வொன்றாகச் சொன்னேன்.